ஹார்க்னெஸ் துரையின் வேர்வை

ஜூன் 12, வியாழன்

பூனை,

தமயந்தி நேற்று திருப்பூருக்கு ரயில் ஏறிவிட்டாள். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் திறந்தாச்சு. எத்தனை நாள்தான் அம்மாவைக் காவல் காப்பாள். போகும்போது இந்த டைரியைக் கையில் திணித்தாள். ஏதோ மருந்துக் கம்பெனி டைரி, நீ துணி வெட்டுகிற மேஜையில் சும்மா கிடந்தது.

"அம்மா, நீ அப்பாகிட்ட வாய்விட்டுப் பேசிக்கிட்டே இருக்கே. விருந்தாளி யாராச்சும் இன்னும் இருக்காங்களான்னு கீழ் வீட்டுல கேக்கறாங்க. பேசாதே, எழுது" என்றாள்.

என் படிப்பு அஞ்சாங் கிளாஸோடு நின்றது உனக்குத் தெரியும். பேசுகிற மாதிரிதான் எழுத வரும். ஊர் எதிரே உன்னை நீங்க என்றுதான் சொன்னேன், கதவைச் சாத்தினால் பூனை. அடுப்பைப் பற்றவைத்ததும் பக்கத்தில் வந்து சுருண்டு உட்காருகிற ஆளை வேறு எப்படிக் கூப்பிடுவது.

காலையில் கைமறதியாக இரண்டு டம்ளர் காப்பி கலந்துவிட்டேன். இரண்டையும் நானே குடித்தேன். வீணாக்கக் கூடாது. நான் நன்றாகத்தான் இருக்கிறேன்.

ஜூன் 14, சனி

இட்லிக்கு அரைத்துக்கொண்டிருந்தபோது போன். உன் மன்றத்துச் செகரட்டரி வரதகுட்டி சார்.

"அமிர்தம்மா, தணிகாசலம் இல்லாத மன்றம் ஸ்டம்ப் இல்லாத பிட்ச் மாதிரி ஆயிடுச்சும்மா" என்றார். கொஞ்சம் இருமினார். "விடை ஆட்டம் இருபத்தொம்பதாம் தேதி, ஞாயித்துக்கிழமை. டிபன் மட்டும் பார்த்துக்கிடுங்க. வடை இருந்தா நல்லா இருக்கும். உங்க வீட்டு வடைக்கு மெம்பருங்க மத்தியில ஒரு பேரு இருக்கு."

கருமாதி சொம்பு இன்னும் கவிழ்த்து வைத்தபடி இருக்கிறது, இவருக்கு வடை கேட்கிறது.

தமயந்திக்கு போன் போட்டு விடை ஆட்டத்தைப் பற்றிச் சொன்னேன். அவள் நம்பவில்லை. பழைய கிரிக்கெட் சாமான் சேர்க்கிறவர்கள் மன்றத்தில் ஒரு மெம்பர் செத்துப்போனால், மற்றவர்கள் வெள்ளை பேண்ட், வெள்ளைச் சட்டை, டை கட்டிக்கொண்டு அந்த வீட்டுக்கு வருவார்கள். அந்த வீட்டம்மா காசு சுண்டிவிட வேண்டும். டாஸில் ஜெயித்த பக்கத்தில் இருந்து பேட்டிங் ஆர்டர்படி ஒவ்வொருவராக உள்ளே போய், ஆளுக்கு ஒரு சாமான் எடுத்துக்கொண்டு, அதைத் தலைக்கு மேலே தூக்கி "நாட் அவுட்" என்று சொல்ல வேண்டும். மனுஷன் போனாலும் சாமான் அவுட் ஆகவில்லை என்று அர்த்தமாம். வீட்டம்மாவுக்கு ஒரே ஒரு உரிமை. ஏதாவது ஒரு பொருளுக்கு "நோ பால்" சொல்லலாம். சொன்னால் அது வீட்டிலேயே தங்கும்.

"கொள்ளை மாதிரி இல்ல இருக்கு?" என்றாள் தமயந்தி.

"கொள்ளைக்காரன் டை கட்டிக்கிட்டு வரமாட்டான்டி."

"இதுவரைக்கும் யாராச்சும் நோ பால் சொல்லியிருக்காங்களா?"

"யாருமில்ல. புருஷன் செத்த வீட்டுல எவளுக்கு வாய் வரும்."

எடுத்துக்கொண்டு போகட்டும் பூனை. நார்த்தங்காய் ஊறுகாய் மாதிரிச் சுருங்கின அந்தத் தோல் பந்து போகட்டும். அந்தக் காலத்து ஆட்டக்காரர்கள் இடுப்பில் கட்டின பெல்ட் கொக்கிகள் போகட்டும். நீ மூர் மார்க்கெட்டில் பிடித்த, நெட்டைத் தொப்பியோடு துரைமார் நிற்கிற போட்டோ போகட்டும். தொப்பி தலையிலிருந்து ஸ்டம்பில் விழுந்தால் ஆட்டக்காரன் அவுட் என்று நீ சொல்லிச் சொல்லிச் சிரித்தாயே, அந்தப் போட்டோ. இடமாவது காலியாகும், அரிசி டின் வைக்கலாம்.

டிரங்குப் பெட்டியில் நீ பூட்டி வைத்த பழைய ஸ்வெட்டருக்கு மட்டும் நோ பால் சொல்லப் போகிறேன். அது ஒன்று போதும் எனக்கு.

ஜூன் 17, செவ்வாய்

டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். மூடினேன். கீழ் வீட்டுக்காரிக்கு ரவிக்கை ஊக்கு தைத்துக் கொடுத்தேன். பெட்டியைத் திறந்தேன். மூடினேன்.

ஜூன் 20, வெள்ளி

இன்றைக்கு மூன்று பேர் வந்தார்கள். மன்றத் தலைவர் பேராசிரியர் சற்குணம், காலேஜில் சரித்திரம் நடத்தி ரிடையர் ஆனவர். வரதகுட்டி சார். கூடவே பெங்களூரில் இருந்து பெலவாடி என்று ஒரு நிபுணர். அவர் மூக்கை வைத்துக்கொண்டே பிழைக்கிறவராம். பழைய துணியை மோந்து பார்த்து வருஷம் சொல்வாராம்.

வரதகுட்டி சாருக்கு நெற்றியைச் சுற்றி இறுக்கிக் கட்டினாற்போல ஒரு சிவப்புக் கோடு. தலைவலிக்குத் துணி கட்டியிருந்தார் போல. கேட்டேன். "ஒண்ணுமில்லம்மா" என்று அவசரமாகத் தலையைத் தடவிக்கொண்டார்.

ஸ்வெட்டரை எடுத்து மேஜை மேலே வைத்தேன். தலைவர் என்னிடம் அதன் சரித்திரத்தைச் சொன்னார். என் வீட்டுப் பெட்டியில் இருக்கிற சாமானைப் பற்றி என்னிடமே. அந்தக் காலத்தில் பொங்கல் சமயம் மெட்ராஸில் வெள்ளைக்காரர்களும் நம் ஆட்களும் மேட்ச் ஆடுவார்களாம். அதில் ஹார்க்னெஸ் என்கிற துரை போட்டுக்கொண்டு ஆடின ஸ்வெட்டர் இது. சந்தன நிறம், கழுத்தில் பச்சையும் அரக்கும் பட்டை. மெட்ராஸில் கம்பளி போட்டுக்கொண்டு வெயிலில் ஓடியிருக்கிறார். அவரை யாரும் டாக்டரிடம் காட்டவில்லையா என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை.

"இதோட பெருமையே இதைத் துவைக்காததுதான். துரை வேர்வை அப்படியே இருக்கு" என்றார் தலைவர்.

"அவர் எத்தனை ரன் எடுத்தார் சார்?"

தலைவர் முகம் கொஞ்சம் வாடியது. "முட்டை. முதல் பந்துலயே போல்டு."

"முதல் பந்துல அவுட்டானவருக்கு இவ்வளவு வேர்வையா?"

"ஃபீல்டிங்ல வேர்த்திருக்கும்மா" என்றார். வரதகுட்டி சார் எழுதிக்கொண்டார்.

பெலவாடி கண்ணை மூடிக்கொண்டு ஸ்வெட்டரின் கழுத்துக்குள் மூக்கை விட்டார். கோயிலில் தீபாராதனை காட்டும்போது நிற்கிற மாதிரி மற்ற இரண்டு பேரும் நின்றார்கள்.

"பைப் புகையிலை" என்றார். "குதிரைச் சேணம். அப்புறம்... என்னது இது... யூக்கலிப்டஸ்! சுத்தமான யூக்கலிப்டஸ்!"

"ஊட்டி!" என்று தலைவர் துள்ளினார். "நான் அப்பவே நினைச்சேன். துரைக்கு ஊட்டியில பங்களா இருந்திருக்கணும்!"

"இருந்திருக்கணும் என்ன சார், இருந்தது" என்றார் வரதகுட்டி சார். அதையும் எழுதிக்கொண்டார்.

நான் காப்பி கலக்க உள்ளே போனேன். முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டேன். சிரிப்பா அழுகையா என்று எனக்கே தெரியவில்லை.

காப்பி குடித்துவிட்டுத் தலைவர் வந்த விஷயத்தைச் சொன்னார். ஜிம்கானா மாதிரி பெரிய கிளப் இல்லை, அதுக்கு அடுத்தபடியாக ஒரு கிளப். அவர்கள் மன்றத்துக்கு ஒரு ஏசி அறை கொடுத்திருக்கிறார்கள். நடுவிலே கண்ணாடிப் பெட்டி. அதில் இந்த ஸ்வெட்டர். சுவரில் காப்பாளர் பலகை என்று ஒரு மரப்பலகை. இவ்வளவு காலம் துவைக்காமல், போடாமல் காப்பாற்றின உன் பெயரை அதில் தங்க எழுத்தில் எழுதுவார்கள்.

"தையக்காரர் பேரு அந்தப் பலகையில வர்றது இதுதாம்மா முதல் தடவை" என்றார். பெருமையாகத்தான் சொன்னார்.

"ஸ்வெட்டர் வரலைன்னா?"

"ஸ்வெட்டர் வரலைன்னா எதைக் காப்பாத்தினார்னு எழுதறது?"

அவர்கள் போன பிறகு தட்டில் ஒரு முறுக்கு மிச்சம் இருந்தது. அதைத் தின்றுவிட்டு எழுதுகிறேன்.

அது யூக்கலிப்டஸ் இல்லை. நான் தேய்த்த தைலம்.

போன சித்திரையில் உனக்கு ரத்தம் சுத்தம் செய்கிற மெஷின் வைத்தார்களே, அங்கிருந்து முதல் நாள் ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினாய். கத்திரி வெயில். தெருவில் நாய்கூட நிழலில் நாக்கைத் தொங்கப்போட்டுக் கிடந்தது. உனக்குப் பல் கிடுகிடு என்று ஆடியது. போர்வை போர்த்தினேன், என் புடவைகளைப் போர்த்தினேன், எவரோ தைக்கக் கொடுத்திருந்த திரைச்சீலையைக் கூடப் போர்த்தினேன். நிற்கவில்லை.

"அமிர்தம், அதைக் கொண்டா" என்றாய்.

"எதை?"

"அதைத்தான்." கண் டிரங்குப் பெட்டிமேல் போனது.

மன்றத்துச் சட்டம் எனக்குத் தெரியாதா. துவைத்தால் கொலைக்குச் சமம், போட்டுக்கொண்டால் பெயர் நீக்கம். மழைக்கு ஒதுங்கின இடத்தில் ஒரு பழைய தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்ட மெம்பரை நீங்கள் எல்லோரும் சேர்ந்து வெளியே தள்ளவில்லையா. நீயும்தானே கை தூக்கினாய்.

"சட்டம் இருக்கே" என்றேன்.

"சட்டத்துக்குக் குளிராது" என்றாய்.

போட்டுவிட்டேன். அந்தத் துரை ஆள் எவ்வளவு பெரியவரோ, நீ அதற்குள் காணாமல் போய்விட்டாய். கழுத்து மட்டும் வெளியே தெரிந்தது. அதில் தைலத்தைத் தேய்த்தேன். அடுப்புப் பக்கம் போய்ச் சுருண்டுகொண்டாய். நடுக்கம் நின்றது. அதற்கப்புறம் மெஷினுக்குப் போய் வருகிற ஒவ்வொரு நாளும் அதுதான். பூண்டு ரசம் அதிலேதான் சிந்தினாய். பெலவாடிக்குப் பூண்டு தெரியவில்லை போலிருக்கிறது. இல்லை, ஹார்க்னெஸ் துரையும் ரசம் குடித்தாரோ என்னமோ.

கடைசியாக ஆஸ்பத்திரிக்குத் தூக்கினபோது அதைக் கழற்றச் சொன்னாய். "மன்றத்துக்காரங்க பாக்க வருவாங்க. தெரிஞ்சுபோயிடும். எம் பேரு அந்தப் பலகையில ஏறணும் அமிர்தம்." அதுதான் நீ என்னிடம் சரியாகப் பேசின கடைசிப் பேச்சு. மகள் பெயரைச் சொல்லவில்லை. என்னை என்ன செய்யப் போகிறாய் என்று கேட்கவில்லை. பலகை.

அவர்கள் யாரும் பார்க்க வரவில்லை. என்னையும் ஐசியூவுக்குள் விடவில்லை.

இப்போது சொல்லு. வீட்டில் உன் வாசனை இருப்பது அந்தக் கழுத்துப் பட்டையில் மட்டும்தான். உன் சட்டை எல்லாவற்றையும் தமயந்தி நல்லது என்று நினைத்துத் துவைத்து மடித்து வைத்துவிட்டாள். நோ பால் சொன்னால் வாசனை எனக்கு. சொல்லாவிட்டால் பலகை உனக்கு.

ஜூன் 21, சனி

தலைவலி. தைலம் பாட்டிலைத் திறக்கவில்லை.

ஜூன் 22, ஞாயிறு

ஸ்வெட்டரை ஒரு பையில் போட்டுக்கொண்டு ராயபுரம் போனேன், செலின் அக்கா வீட்டுக்கு.

இந்த ஸ்வெட்டர் அவர்கள் வீட்டில் இருந்து வந்ததுதானே. அவர்கள் வீட்டுக்காரர் ஞானப்பிரகாசம் மாஸ்டர் இறந்தபோது நடந்த விடை ஆட்டத்தில் நீதான் கடைசி ஆள். தையக்காரன் என்பதால் பேட்டிங் ஆர்டரில் உனக்கு எப்போதும் பதினோராவது இடத்துக்கும் கீழே. மட்டை, போட்டோ, ஸ்கோர் அட்டை எல்லாவற்றையும் பெரியவர்கள் எடுத்த பிறகு பூச்சி அரித்த கம்பளி ஒன்றுதான் மிச்சம். நீ அதைக் கொண்டுவந்து, நூல் நூலாகப் பிரித்து, ஓட்டை தெரியாமல் இழைத்தாய். அப்புறம்தான் தலைவர் ஏதோ ஒரு பழைய போட்டோவில் அதே பட்டையைப் பார்த்து, துரையுடையது என்று கண்டுபிடித்தார். அன்றைக்கு எல்லோர் முகத்தையும் பார்க்க வேண்டுமே என்று வந்து சொன்னாய்.

"வா அமிர்தம். இளைச்சுட்டியே. சாப்பிடறியா இல்லையா?" என்றார் செலின் அக்கா. வஞ்சிரம் வறுத்துக்கொண்டிருந்தார்.

"நல்லாத்தான் சாப்பிடறேன் அக்கா."

"பொய் சொல்லாதே, மீன் ஆறிடும். உக்காரு."

சாப்பிட்டுக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். மெஷின், குளிர், தைலம், எல்லாம். போட்டுக்கொண்டதைச் சொல்லும்போது என் குரல் இறங்கிவிட்டது. செலின் அக்கா முள்ளை எடுத்தபடி என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"இதுக்கா இப்படி ரகசியம் பேசறே? மாஸ்டர் வருஷா வருஷம் கிறிஸ்மஸ் பூசைக்கு அதைப் போட்டுக்கிட்டுதான் போவாரு. மேல கோட்டைப் போட்டு மறைச்சுக்குவாரு. பூசை முடிஞ்சு வீட்டுக்கு வந்ததும் கண்ணாடி முன்னாடி நின்னு மட்டை இல்லாம மட்டை அடிப்பாரு."

"மாஸ்டரா? சட்டம் எழுதினதே அவருதானே!"

"போட்டுக்காதவன் எதுக்குடி சட்டம் எழுதறான்?"

செலின் அக்கா கையைக் கழுவிக்கொண்டு வந்து என் பையைப் பார்த்தார்.

"அதுல இருக்கா?"

"இருக்கு."

"வலது அக்குள்ல மஞ்சளா ஒரு கறை இருக்கும். பிள்ளைங்களை அடிச்சு அடிச்சு வாத்தியார் வேலை பார்த்தவரு. அந்தக் கைதான் வேர்க்கும்."

எடுத்துக் கொடுத்தேன். அக்கா அதை மடியில் வைத்து விரித்தார். அப்புறம் பெலவாடி செய்த மாதிரியேதான் செய்தார். ஆனால் பைப் புகையிலை, குதிரை என்று ஒன்றும் சொல்லவில்லை.

"அன்னிக்கு நீங்க ரெண்டு பேரும் இதை எடுத்துக்கிட்டுப் படி இறங்கினப்போ நோ பால்னு சொல்ல வாயைத் திறந்தேன்" என்றார். "தலைவர் என்னைப் பார்த்தாரு. 'என்னம்மா, தண்ணி வேணுமா?'ன்னு கேட்டாரு. ஆமான்னுட்டேன். அப்புறம் உன் வீட்டுக்கு வந்து ஒரு தடவை இதை மோந்து பாக்கணும்னு ரொம்ப நாள் நினைச்சிருக்கேன். போற வர்ற பஸ்ஸைப் பார்ப்பேன். வெக்கமா இருக்கும். என்னன்னு சொல்லிக்கிட்டு வர்றது?"

அன்றைக்கு நான் அவர்கள் வீட்டில் பாயசம் குடித்தேன் பூனை. நன்றாக இருந்தது என்று இரண்டாம் தடவை கேட்டு வாங்கிக் குடித்தேன்.

"அப்போ துரை வேர்வை எங்கே அக்கா?"

"மாஸ்டருக்கு முன்னாடி இது யார் வீட்டுல இருந்துச்சோ, அவன் என்ன பண்ணினானோ. துரை இருந்தா அடியில எங்கயாச்சும் இருப்பாரு, பாவம், நெரிசல்ல." சொல்லிவிட்டுச் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. நீ போன பிறகு முதல் தடவை.

கிளம்பும்போது, "கழுத்து உனக்கு. அக்குள் எனக்கு. சண்டை வேணாம்" என்றார்.

ஜூன் 25, புதன்

உளுந்து வாங்கினேன். நோ பால், நோ பால் என்று வாயால் சொல்லிப் பார்த்தேன். கீழ் வீட்டுக்காரி மேலே வந்து யார் வந்திருக்காங்க என்று கேட்டாள்.

ஜூன் 29, ஞாயிறு

பத்து மணிக்கு வந்துவிட்டார்கள். மாடிப்படி முழுக்க வெள்ளை பேண்ட். கீழ் வீட்டுக் குழந்தை, கல்யாண பேண்டு வாத்தியமா என்று கேட்டது.

செலின் அக்காவைத் துணைக்கு வரச் சொல்லியிருந்தேன். காலையிலேயே வந்து வடைக்கு வெங்காயம் அரிந்து கொடுத்தார்.

தலைவர் ஒரு பழைய காசை என் கையில் வைத்தார். "சுண்டுங்கம்மா." எனக்குச் சுண்டத் தெரியவில்லை. காசு போய் வடை மாவில் விழுந்தது. எல்லோரும் அடுப்படியில் கூடிவிட்டார்கள். மாவில் விழுந்தது தலையா பூவா என்று வழக்கு. "ரீ-டாஸ்" என்றார் ஒருவர். "மாவும் கிரவுண்டின் பகுதியே" என்றார் இன்னொருவர். வரதகுட்டி சார் சட்டப் புத்தகத்தைப் பிரித்தார். கடைசியில் காசைக் கழுவி இன்னொரு தடவை சுண்டினேன்.

ஒவ்வொருவராக எடுத்தார்கள். பந்து, நாட் அவுட். பெல்ட் கொக்கி, நாட் அவுட். தொப்பி போட்டோ, நாட் அவுட். அந்தப் போட்டோவுக்கு இரண்டு பேர் கை நீட்டினார்கள். ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துக்கொண்டு "நான்தான் முதல்ல தொட்டேன்" என்றார்கள். இருவருக்கும் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். யாருக்கும் உன்னை எப்படித் தூக்கிக்கொண்டு போனார்கள் என்று கேட்கத் தோன்றவில்லை. வடை நன்றாக இருக்கிறது என்று எல்லோரும் சொன்னார்கள்.

கடைசியில் தலைவர் ஸ்வெட்டரை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு பேசினார். ஹார்க்னெஸ் துரை ஊட்டி மலையில் குதிரையேறிப் போவாராம், யூக்கலிப்டஸ் காட்டுக்குள்ளே. பைப் புகையோடு. பத்து நாளுக்குள் துரைக்குப் பங்களா, குதிரை, காடு எல்லாம் வந்துவிட்டது. இன்னும் ஒரு மாசம் விட்டால் பெண்டாட்டி பிள்ளையும் வந்துவிடும்.

"துரையின் வேர்வை மேலே வேறு ஒரு மனித உடம்பு படாமல் காத்த நம் தணிகாசலம்" என்றார். வரதகுட்டி சார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். துடைத்த கையால் ஸ்வெட்டரின் தோளைப் பிடித்து, தன் தோளோடு ஒரு கணம் வைத்துப் பார்த்தார். அளவு பார்க்கிற மாதிரி இருந்தது. பாசமாக இருக்கும்.

"மரபுப்படி கேட்கிறேன். இல்லத்தார் நோ பால் உண்டா?" என்றார் தலைவர்.

செலின் அக்கா என் முழங்கையைப் பிடித்தார்.

"நோ பால் உண்டா?"

வாயைத் திறந்துவிட்டேன் பூனை. சத்தியமாகச் சொல்ல வந்தேன். நாக்கு நுனியில் இருந்தது. ஆனால் நீ ஆஸ்பத்திரிக்குப் போகும்போது கையை மேலே தூக்கிக்கொண்டு, குழந்தை மாதிரி, அதைக் கழற்று கழற்று என்று நின்றாயே, அதுதான் கண்ணில் வந்தது. உடம்பெல்லாம் நடுங்கிக்கொண்டு கழற்றினாய். அந்த விலை கொடுத்து வாங்கின பலகையை நான் எப்படித் தட்டிப் பறிப்பேன்.

"என்னம்மா, தண்ணி வேணுமா?" என்றார் தலைவர்.

"தண்ணி வேணாம்" என்றேன். "எடுத்துக்குங்க. ஆனா ஒண்ணு. கம்பளியில பூச்சி வரும். மாசா மாசம் முதல் திங்கக்கிழமை நானும் செலின் அக்காவும் வந்து பெட்டியைத் திறந்து வேப்பிலை மாத்துவோம். பூச்சி அரிச்சா துரை வேர்வை போயிடும்."

எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். வேலைக்கு ஆள் வைக்காமல் வேலை நடக்கிறது என்றால் எந்த மன்றம் வேண்டாம் என்று சொல்லும்.

"தியாகம்!" என்றார் தலைவர். "கிளப்ல பெண்களுக்கு முன்வாசல் கிடையாது, பின்வாசல் வழியா வந்துடுங்க."

அவர்கள் போன பிறகு வீடு பளிச்சென்று இருந்தது. அரிசி டின்னை அந்த இடத்தில் வைத்தேன். பொருந்தவில்லை.

ஜூலை 7, திங்கள்

கண்ணாடிப் பெட்டி இன்னும் வரவில்லையாம். ஆடி முடிந்ததும்தான் திறப்பு என்றார்கள். அதுவரை ஸ்வெட்டர் செகரட்டரி வீட்டில் பத்திரமாக இருக்கிறதாம்.

ஜூலை 20, ஞாயிறு

ஆடிக் கூழ் ஊற்றினார்கள் தெருவில். இரண்டு சொம்பு எடுத்துக்கொண்டு போய், ஒன்றில் வாங்கினேன்.

ஆகஸ்ட் 4, திங்கள்

பெட்டி முன்னாலேயே வந்துவிட்டது, அறையைத் திறந்தாச்சு, வேப்பிலையோடு வாங்க என்று வரதகுட்டி சார் போன் செய்தார். இன்றைக்குப் போனோம். பின்வாசலில் காவல்காரர், "டேபிள் துடைக்கிற ஆளுங்களா?" என்றார். "ஆமாப்பா" என்றார் செலின் அக்கா. "நீ வேணா நோட்டுல வக்கீலுங்கன்னு எழுதிக்க."

பலகையைப் பார்த்தேன். மரம் நல்ல மரம். தங்க எழுத்துதான். உன் பெயர் கடைசியில், முழுதாக இருக்கிறது. கதவை உள்பக்கம் திறந்தால் பலகை கதவுக்குப் பின்னால் மறைந்துபோகும். ஏசி அறை, கதவைச் சாத்தியே வைத்திருப்பார்கள், அதனால் பரவாயில்லை. சாத்திவிட்டுப் படித்தேன். சந்தோஷப்பட வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒரு அட்டை. "ஹார்க்னெஸ் துரை அணிந்தது. துவைக்கப்படாதது. கழுத்திலும் வலது அக்குளிலும் காணப்படும் கறைகள் அவருடையவை." சுவரில் ஊட்டி மலைப் படம் ஒன்றும் மாட்டியிருக்கிறார்கள். ஒரு அப்பாவும் மகனும் வந்து பார்த்தார்கள். அப்பா கண்ணாடிக்கு முன்னால் கை கட்டிக்கொண்டு நின்றார். உன் ரசக் கறைக்கு இந்த மரியாதை. நீ இருந்திருந்தால் அவரிடம் நூல் இழைத்த இடத்தைக் காட்டியிருப்பாய்.

அவர்கள் போனதும் பெட்டியைத் திறந்தோம். அக்காவுக்கு அக்குள், எனக்குக் கழுத்து. குனிந்தேன்.

உன் வாசனை கொஞ்சம்தான் இருந்தது. அதன் மேலே வேறு ஒன்று. சந்தனப் பவுடரும், தலைக்குப் போடுகிற சாயமும். வரதகுட்டி சார் பக்கத்தில் வந்தால் வருகிற அதே வாசனை. கழுத்துப் பட்டையில் கருப்பாக ஒரு முடிகூட இருந்தது. உன் தலையில் ஏது கருப்பு.

"அக்கா!" என்றேன். "இந்த ஆளு... ஒரு மாசம் வீட்டுல வெச்சுக்கிட்டு... இப்பவே போய்த் தலைவர்கிட்ட சொல்றேன். பேரை நீக்கச் சொல்றேன்."

செலின் அக்கா அந்த முடியை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். அப்புறம் அதைத் திரும்பவும் அந்தக் கழுத்துப் பட்டையிலேயே வைத்தார். வைத்து, விரலால் அழுத்திவிட்டார்.

"விடு" என்றார். "அவருக்கும் பொண்டாட்டி இருக்கா. ஒரு நாள் அவளும் பின்வாசல் வழியா வந்து தேடுவா."

வேப்பிலையைப் பரப்பினோம். மூடினோம். அக்கா முன்னால் போய்விட்டார், பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று. நான் கொஞ்சம் நின்றேன். அந்த அறையில் அப்படி ஒரு குளிர் பூனை. முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டேன், அப்படியும் மயிர்க்கால் எல்லாம் நட்டுக்கொண்டு நின்றது. இத்தனை நாள் இந்த டைரியில் கூழ், வடை, உளுந்து என்று என்னென்னவோ எழுதிவிட்டேன். கேட்க வேண்டியதை மட்டும் கேட்கவில்லை.

ஆஸ்பத்திரியில் உன்னை வைத்த அறையும் ஏசிதானே. ஒரு மெல்லிசுப் போர்வைதானே கொடுத்தார்கள். அன்றைக்கு, இது இல்லாமல், நான் இல்லாமல், உனக்கு ரொம்பக் குளிருச்சா?